பசி சொல்லாத தேவை

உடல் தன் இயக்கத்திற்கும் கட்டமைப்பிற்கும் வேண்டிய பொருள்களைப் புறத்தேயிருந்து பெற்றாக வேண்டிய நிலை உணவுத்தேவை எனப்படும். அந்நிலையை உள்ளத்திற்கு அறிவிக்கும் உணர்ச்சி பசி எனப்படும். குறிப்பிட்ட ஓர் உணவின்பால் நாட்டம் செல்லுதல் உண்விருப்பு. போதும் என்று உடலே தடுத்து நிறுத்துதல் நிறைவு. இந்நான்கும் வெவ்வேறு பொருள்கள். நலம் நிறைந்த இளமையில் இவை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி தெரியாதபடி நிகழ்வதால், நான்கையும் ஒன்றெனக் கொண்டு, பசித்தால் உண்பது, பசியாவிடின் விடுவது என்னும் ஒற்றை நெறியில் வாழப் பழகிவிட்டோம். பெரும்பாலார்க்கு அந்நெறி பிழையின்றி உதவுகிறது. ஆயினும் தேவை குறையாதிருக்கப் பசி மட்டும் குன்றிப்போன மக்கள் உளர். முதுமையுற்றோர், நெடுநோயில் கிடப்போர், சில மருந்துகளை நாளும் உட்கொள்வோர், பிறவியிலேயே உள்ளுணர்ச்சி மங்கியோர் ஆகிய இவர்களை நோக்கி, பசி வரும்போது உண்ணுங்கள் என்று கூறுவது, அவர்களைச் சிறிது சிறிதாக மெலியவிடுவதாகவே முடியும்.

தேவையின் அளவை முதற்கண் காண்போம். ஆற்றலை அளக்கும் அலகு கிலோகலோரி. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்துவதற்கு வேண்டும் ஆற்றல் அது. உடல் அசைவற்றுக் கிடக்கும் பொழுதும் நெஞ்சகம் துடிக்கிறது, நுரையீரல் விரிகிறது, சிறுநீரகம் வடிக்கிறது, மூளை ஓயாது தொழிற்படுகிறது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே ஆகிய மூளை, ஓய்வுநிலைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தனக்கெனக் கொள்கிறது. ஐதராபாத்திலுள்ள நாட்டு ஊட்டவியல் நிறுவனம் 2020-இல் வகுத்த அளவீட்டின்படி, கடின உழைப்பில்லாத 65 கிலோ எடையுள்ள ஆடவர்க்கு நாளொன்றுக்கு 2,110 கிலோகலோரியும், 55 கிலோ எடையுள்ள மகளிர்க்கு 1,660 கிலோகலோரியும் வேண்டும். புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் வேண்டும். இவ்வெண்களுள் எதுவும் ஒருவர்க்குப் பசி எழுந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. உணவு வாராத நாளில் உடல் தன் செலவைச் சற்றே சுருக்கிக்கொள்ளும். எஞ்சிய செலவைச் சேமித்த கொழுப்பிலிருந்தும், அதனினும் கொடிதாகத் தன் தசையிலிருந்தும் எடுத்து ஈடுகட்டும். தசை கரைவதற்கு ஓசையில்லை. படியேறுகையில் கால் தளர்வதும், கைவளை தளர்ந்து முழங்கை நோக்கி ஏறுவதும், இருமலின் வலு குன்றுவதும் தோன்றும்பொழுதுதான் வீட்டார் அதனை அறிகின்றனர்.

பசி எவ்வாறு எழுகிறது என்னும் வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகிறது. 1912-இல் அமெரிக்க உடலியலாளர் வால்ட்டர் கேனனும் அவர்தம் மாணவர் வாசுபர்னும் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். வாசுபர்ன் ஒரு மென்பையை விழுங்கி, அதனைக் காற்றால் விரித்து, இரைப்பையின் சுருக்கங்கள் தாளில் கோடாகப் பதியுமாறு செய்துகொண்டார். பசி கிள்ளும்பொழுதெல்லாம் தாமே ஒரு பொத்தானை அழுத்திக் குறித்தார். இரைப்பை சுருங்கிய வேளைகளும் பசி கிள்ளிய வேளைகளும் ஒத்து நின்றன. ஆகவே பசியின் இருப்பிடம் இரைப்பையே என அக்காலத்தார் துணிந்தனர். ஆனால் நோயால் இரைப்பையை முற்றும் அறுத்து நீக்கப்பெற்றவர்க்கும் பசி எழுவதைப் பின்னர்க் கண்டபொழுது, சுருக்கம் என்பது பசியின் ஓர் அடையாளமே அன்றி அதன் ஊற்று அன்று என்பது தெளிவாயிற்று.

ஊற்று மூளையில் இருந்தது. மூளையின் அடிப்புறத்தில், விரல்நுனி அளவே உள்ள ஒரு பகுதியைப் பாடநூல்கள் ஐப்போத்தலாமசு என எழுதுகின்றன. மூளைக் கீழறை என்று நான் வழங்குகிறேன். 1951-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பி. கே. ஆனந்த் என்னும் இந்திய உடலியலாளரும் சான் புரோபெக்கும், எலிகளின் கீழறையில் இருபக்கவாட்டிலும் நுண்ணிய ஓரிடத்தை அழித்துப் பார்த்தனர். அவ்வெலிகள் உண்பதை அறவே நிறுத்தின. கூண்டில் உணவு குவிந்து கிடந்தது. வாயும் பல்லும் குடலும் பழுதின்றி இருந்தன. எனினும் அவை உண்ணாமலே மாண்டன. உணவு இன்மையால் மட்டுமன்றி, உணவு வேண்டும் என்னும் அறிவிப்பு இன்மையாலும் ஓருயிர் பட்டினியால் மடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வாய்வின் தொடர்ச்சி என் உள்ளத்தை இன்னும் ஆழமாகக் கவர்கிறது. 1954-இல் தெய்த்தல்பாம், இசுடெல்லர் என்னும் இருவர், அத்தகைய எலிகளைச் சாகவிடாமல் குழாய்வழி உணவூட்டிக் காத்தனர். நாள்கள் சென்றபின் அவ்வெலிகள் முதலில் நனைந்த, சுவைமிக்க உணவை மட்டும் சிறிதளவு ஏற்றன. பின்னர் அதனையே கூடுதலாக உண்டன. முடிவில் உலர்ந்த தீனியும் நீரும் கொண்டு தாமே தம் எடையைப் பேணும் நிலைக்கு மீண்டன. அழிந்த இடம் அழிந்தபடியே இருந்தது. ஊட்டம் தடைப்படாமல் காத்த அந்த இடைக்காலமே மீட்சிக்கு வழிவிட்டது. எலிக்குரியதை அப்படியே மாந்தர்க்கு ஏற்றிச் சொல்லுதல் தகாது. ஆயினும் பசி வரும்வரை காத்திராமல் ஊட்டம் தருவதும், மென்மையும் சுவையும் மிக்கதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறுவதும் வீண்முயற்சி ஆகா என்னும் நம்பிக்கையை இவ்வரிசைமுறை தருகிறது.

அறிவிப்பு எவற்றின்வழி கீழறையை எட்டுகிறது என்பது அடுத்த வினா. குருதியில் கலந்து தொலைவிலுள்ள உறுப்புக்குச் செய்தி கொண்டுசெல்லும் சுரப்பை இயக்குநீர் என்கிறோம். 1994-இல் நியூயார்க்கின் இராக்குபெல்லர் பல்கலைக்கழகத்தில் செப்ரி பிரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டறிந்தனர். உடற்கொழுப்பே அதனைச் சுரக்கிறது. சேமிப்பு எவ்வளவு என்பதை மூளைக்கு உரைக்கிறது. ஆகவே அதற்குச் சேமிப்புரைப்பி என்று பெயரிடலாம். 1999-இல் சப்பானில் கோசிமா, கங்காவா குழுவினர் கிரெலினைக் கண்டனர். இரைப்பையின் மேற்பகுதியில் சுரந்து உண்ணத் தூண்டுவதால் அதனைப் பசியூக்கி என்பேன். 28 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. அதன் மூன்றாம் கண்ணியில் எட்டுக் கரியணுக்கள் கொண்ட ஒரு கொழுப்புக் காடி ஒட்டிக்கொண்டாலன்றி, பசியைத் தூண்டும் தொழிலை அது செய்வதில்லை. உணவு சிறுகுடலை அடைந்தபின் அங்குச் சுரக்கும் கோலிசிசுட்டோகைனின் முதலியவை போதும் என்று உரைப்பன, அவை நிறைவுரைப்பிகள். சேமிப்பையும் வரவையும் நிறைவையும் தனித்தனியே உரைக்கும் இச்செய்திகள் அனைத்தையும் கீழறையின் நரம்பணுக்கள் ஒருங்கே பெற்று நிறுத்துப் பார்க்கின்றன. அவற்றுள் ஒரு திரள் உண்ணத் தூண்டுவது. அதன் அருகிலேயே அமைந்த மற்றொரு திரள் அடக்குவது. தூண்டும் திரளை ஒளியால் கிளர்த்தியபோது, வயிறு நிறைந்த சுண்டெலியும் சில மணித்துளிகளில் உணவின்மேல் பாய்ந்ததை 2011-இல் காட்டினர்.

இதுவரை சொன்னவற்றால், பசி என்பது உடற்கலத்தில் இருப்புக் குறைந்ததை அளந்து காட்டும் கருவி என்றே தோன்றும். உண்மை அதனின் வேறானது. 2001-இல் கம்மிங்சு என்பவர் குழு, பத்துப் பேர்க்கு வேளை தவறாது உணவளித்து நாள்முழுதும் குருதியை ஆய்ந்தது. ஒவ்வோர் உணவுக்கும் சற்று முன்னர்ப் பசியூக்கி ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்தது. உண்டபின் ஒரு மணிநேரத்திற்குள் தாழ்ந்தது. உண்ணும் இடைவெளி குறுகியவர்க்கு ஏற்றம் விரைந்தும், நீண்டவர்க்குத் தாழ்த்தும் வருவதையும், ஏற்றம் அவரவர் பழகிய வேளையைத் தழுவியே எழுவதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2015-இல் வேறோர் ஆய்வு இன்னும் நுட்பமான செய்தியைத் தந்தது: பசித்த சுண்டெலியின் தூண்டும் நரம்பணுக்கள், உணவு வாயில் படுமுன்னரே, அதனைக் கண்டும் முகர்ந்தும் அறிந்த நொடிகளிலேயே அடங்கிவிட்டன. ஒரு மணியும் உடலுக்குள் செல்லாதபோதே அடங்குகிறதெனின், பசி உள்ள குறையை அளப்பது மட்டுமன்று. வரவிருப்பதை முன்னுணர்வதும் ஆகும். இதனை முன்னறிபசி எனலாம். உண்ணும் வேளையைப் பசி வகுக்கிறது என்பதில் ஒரு பாதி உண்மையே உண்டு. உண்ணும் வேளைகளே பசியை வகுக்கின்றன என்பது மறுபாதி. இக்கட்டுரையின் வழிமுறை முழுவதும் அம்மறுபாதியின் மேல் நிற்பது.

பசியின்மையை, தொடர் எவ்விடத்தில் அறுபடுகிறது என்பது கொண்டு மூன்றாகப் பகுக்கலாம். அறிவிப்பே எழாமை ஒன்று. எழுந்த அறிவிப்பு உணரப்படாமை மற்றொன்று. நிறைவு முந்திக்கொண்டு அறிவிப்பை அடக்கிவிடுதல் மூன்றாவது. ஒருவரிடமே மூன்றும் கலந்து நிற்றலும் உண்டு.

முதல் வகைக்கு உயர்மலை ஏற்றம் ஒரு தூய எடுத்துக்காட்டு. 1985-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில், எவரெசுட்டு மலையேற்றத்தை ஓர் அடைத்த அறைக்குள்ளேயே நிகழ்த்திப் பார்த்தனர். காற்றழுத்தத்தை நாற்பது நாள்களில் சிறுகச் சிறுகக் குறைத்து, உள்ளிருந்தவர்களை மலைமுடியின் மெல்லிய காற்றுக்குக் கொண்டுசென்றனர். குளிரில்லை, சுமையில்லை, உணவுக்கும் குறைவில்லை. விரும்பியதை விரும்பிய அளவு உண்ணலாம். எனினும் நாளுணவு 3,136 கிலோகலோரியிலிருந்து 1,789 ஆகச் சரிந்தது; ஒவ்வொருவரும் நிரவலாக 7.4 கிலோ எடை இழந்தனர். உயிர்வளி குறைந்தமை ஒன்றே பசியைக் குன்றச் செய்தது. நெடுநாள் நுரையீரல் நோயாலும் நெஞ்சக நோயாலும் துன்புறுவோர் தரைமட்டத்தில் இருந்துகொண்டே உணவை ஒதுக்குவதை இதனோடு வைத்து எண்ணினால், அவர்தம் பசியின்மையைப் பிடிவாதம் எனக் கடிவது எத்துணைப் பிழை என்பது விளங்கும்.

நோயின்கண் வேறொரு வழியும் உண்டு. துன்புறும் உயிரணுக்கள் ஜிடிஎஃப்-15 என்னும் புரதத்தைக் குருதியில் விடுகின்றன. அதனை ஏற்கும் வாயில் மூளையின் பின்தண்டில் அமைந்திருப்பதை 2017-இல் கண்டறிந்தனர். அது பசியைத் தணிப்பதோடு நில்லாமல் குமட்டலையும் உணவு வெறுப்பையும் எழுப்புவது. புற்றுநோயில் மெலிவோரிடம் மிகுந்து காணப்படுகிறது. சூலுற்ற மகளிரின் கடுமசக்கைக்கும் இதுவே பெருங்கரணியம் எனத் தெரியவந்துள்ளது. நீரிழிவுக்குத் தரும் மெட்பார்மின், நெஞ்சகத்திற்குத் தரும் டிகாக்சின் முதலிய மருந்துகளும் பசியைக் குறைப்பன. பசி அண்மையில்தான் குன்றிற்று என்பவர், அதற்குச் சற்று முன்னர் எந்த மருந்து புதிதாகச் சேர்ந்தது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டும்.

இரண்டாம் வகையில் அறிவிப்பு எழுகிறது. உணரும் இடத்தில் அது படிவதில்லை. உடலின் உட்செய்திகளை அறியும் ஆற்றலை அகப்புலன் என்கிறோம். அதற்குரிய பகுதி மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் புதைந்து கிடக்கும் தீவகப் புறணி. மதியிறுக்கம் உடையோர் பலரிடம் அகப்புலன் மங்கியோ மாறியோ இருக்கிறது. பசித்திருப்பது தெரியாமல், தலைவலியாகவும் எரிச்சலாகவும் நடுக்கமாகவும் மட்டுமே அதனை அவர்கள் அறிகின்றனர். அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013-இல் வெளியிட்ட நோய்வகைப்பாட்டில், உடல் மெலியவேண்டும் என்னும் எண்ணம் சிறிதுமின்றி, உண்பதில் நாட்டமே இல்லாமையால் ஊட்டம் குன்றுவதையும் ஒரு தனிநிலையாக ஏற்றுக்கொண்டது. இவ்வேற்பு காலந்தாழ்ந்து வந்தது என்றே கருதுகிறேன்.

இவ்வகையில் என்றி மொலைசன் என்பாரைப் பற்றிய குறிப்பு நின்று நோக்கத்தக்கது. வலிப்பு நோயைத் தணிக்க 1953-இல் அவர் மூளையின் இருபுறமும் பொட்டுமடலின் உட்பகுதியை அறுத்து நீக்கினர். அன்றுமுதல் புதிய நினைவு எதுவும் அவரிடம் நிலைக்கவில்லை. 1985-இல் வெளியான ஆய்வில், தம் பசியைச் சுழியம் முதல் நூறு வரையிலான எண்ணால் குறிக்குமாறு கேட்கப்பட்டபோது, உணவுக்கு முன்னும் பின்னும் ஐம்பது என்ற எண்ணையே அவர் பெரும்பாலும் கூறினார். ஒரு மாலையில் அவர் உண்டு முடித்த தட்டை எடுத்துச்சென்று, ஒரு மணித்துளி கழித்து அதேபோன்ற முழு உணவை மீண்டும் முன்வைத்தனர். வழக்கமான நிதானத்துடன் அதனையும், காய்கறிக் கலவை ஒன்று நீங்கலாக, அவர் உண்டு முடித்தார். மறதி மட்டுமே இதற்குக் கரணியம் எனக் கொள்ளலாகாது. வயிற்றின் நிறைவும் அவர்க்கு எதனையும் உரைக்கவில்லை. ஆயினும் மொலைசன் பல்லாண்டு வாழ்ந்து 2008-இல் தம் 82-ஆம் அகவையில் மறைந்தார். வேளைக்கு உணவு முன்னே வந்தது. வந்ததை அவர் உண்டார். பசியுணர்ச்சி செய்யவேண்டிய பணியை, அவரைப் பேணியவர்கள் வகுத்த நாள்முறை செய்தது.

மூன்றாம் வகைக்குரியோர் பெரும்பாலும் முதியோர். மூப்பில் மோப்பம் மழுங்குகிறது, சுவை தேய்கிறது, இரைப்பை தன் உள்ளீட்டைக் குடலுக்குத் தள்ளுவது தாழ்க்கிறது, நிறைவுரைப்பிகள் உண்ணாத பொழுதும் கூடுதலாகவே நிற்கின்றன. ஆகவே சில கவளங்களிலேயே போதும் என்னும் உணர்வு வந்துவிடுகிறது. 1994-இல் சூசன் இராபர்ட்சு என்பார் குழு வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவுறக் காட்டியது. இளைஞர் ஒரு குழுவும் முதியோர் ஒரு குழுவும் 21 நாள்கள் தேவையிற் குறைவாக உண்ணுமாறு செய்யப்பட்டு, பின்னர் விரும்பியவாறு உண்ண விடப்பட்டனர். இளைஞர் மிகுதியாக உண்டு இழந்ததை ஈடுசெய்தனர். முதியோர் அவ்வாறு செய்யவில்லை. காய்ச்சலிலோ அறுவைப் பண்டுவத்திலோ மூன்று கிலோ இழந்த பாட்டியார், நலம்பெற்றபின் தாமாகவே தேறிவிடுவார் என்று வீட்டார் எண்ணியிருப்பது எவ்வளவு பிழையான நம்பிக்கை என்பதை இதனினின்று அறியலாம். இழந்ததை மீட்கும் பசி அவர்க்கு வாராது; மீட்பை வீட்டார்தாம் திட்டமிட்டுச் செய்தாகவேண்டும்.

இனி வழிமுறை. பசியாகிய மணி ஒலிக்காத பள்ளியில் பாடவேளையைக் கடிகாரம் பார்த்து மாற்றுவதுபோல, உணவையும் வேளையைக் கொண்டு நடத்தலாம். மூன்று பேருணவுக்கு மாற்றாக ஐந்தோ ஆறோ சிற்றுணவு, இரண்டரை முதல் மூன்று மணிநேர இடைவெளியில், நாள்தோறும் மாறாத வேளையில் அமைதல் நன்று. வேளை மாறாமையே இதில் உயிர்நாடி. பழகிய வேளையைத் தழுவிப் பசியூக்கி எழுவதாக மேலே கண்டோம். ஆதலின் தொடக்கத்தில் கடமையாக உண்ணும் உணவு, வாரங்கள் செல்லச் செல்லச் சிறிதேனும் பசியோடு உண்ணும் உணவாக மாறுதல் கூடும். மாறாவிடினும் தேவை நிறைவேறிவிடும்.

அடுத்தது ஆற்றற்செறிவு, அதாவது ஒரே கொள்ளளவில் எவ்வளவு ஆற்றல் அடங்குகிறது என்பது. கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரியும், மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரியும் தருவன. நீர் எதனையும் தருவதில்லை. ஆனால் இரைப்பையை விரித்து நிறைவை முந்தச் செய்கிறது. நம் வீடுகளில் நோயுற்றார்க்குத் தரும் நீர்த்த கஞ்சியை இக்கணக்கில் வைத்துப் பார்ப்போம். 20 கிராம் அரிசிநொய்யை 200 மில்லிலிட்டர் நீரில் காய்ச்சி, உப்பிட்டுத் தரும் ஒரு கிண்ணக் கஞ்சியில் இருப்பது ஏறத்தாழ 70 கிலோகலோரி. புரதம் ஒன்றரை கிராம். நாளைக்கு ஆறு கிண்ணம் குடித்தாலும் 420 கிலோகலோரியைத் தாண்டாது. வயிறோ நாள்முழுதும் நிறைந்தே இருக்கும். நீருக்கு மாற்றாகப் பாலில் காய்ச்சினால் 130 கூடும். இரண்டு தேக்கரண்டி அளவில் 10 கிராம் நெய் விட்டால் 90 கூடும். 15 கிராம் பொட்டுக்கடலையை மாவாக்கிக் கரைத்தால் ஏறத்தாழ 55 கூடும். இப்பொழுது அதே கிண்ணத்தில், அதே மென்மையோடு, 345 கிலோகலோரியும் பத்துக் கிராமுக்கு மேற்பட்ட புரதமும் உள்ளன. உண்பவர் கூடுதலாக ஒரு மிடறும் விழுங்கவில்லை. பொருள் ஐந்து மடங்காயிற்று. நோயுற்றார்க்கு ஆகும் என்று நீர்க்கஞ்சியையே திங்கள்கணக்கில் தரும் வழக்கம், அன்பினால் நிகழ்வதாயினும், தீங்கானது என்று உறுதியாகவே சொல்வேன்.

இதே நெறியில் பிற உணவுகளையும் செறிவாக்கலாம். இட்டிலிக்குப் பொடியோடு நல்லெண்ணெய், சோற்றுக்குப் பருப்பும் நெய்யும், தோசையின்மேல் ஒரு முட்டை, இடைவேளையில் நிலக்கடலை உருண்டை, எள்ளுருண்டை, கெட்டித்தயிர், வாழைப்பழம் என அவரவர் அடுக்களையிலேயே எல்லாம் உள்ளன. பல் இல்லாதார்க்கு நிலக்கடலையை விழுதாக்கித் தரலாம். ஓர் எல்லையும் உண்டு: கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையில் நெடும்பொழுது தங்கும், ஆதலின் ஒரு வேளையிலேயே அதனை மிகுத்துத் தந்தால் அடுத்த வேளை தடைப்படும். சிறுகச் சிறுக எல்லா வேளைக்கும் பகிர்வதே முறை. நீர்மங்கள் திண்ணிய உணவினும் விரைந்து இரைப்பையைக் கடப்பவை. மெல்லுவதில் சோர்வுறுவோர்க்குப் பாற்கஞ்சியும் சத்துமாவுக் கஞ்சியும் இடைவேளைக்கு ஏற்றன. தண்ணீரையும் மோரையும் உணவுக்குச் சற்று முன்னர்க் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளாமல், உண்டபின்னும் இடைவேளையிலும் குடித்தல் வேண்டும். நெஞ்சக நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உடையார்க்கு நெய்யும் புரதமும் இனிப்பும் எவ்வளவு என்பதை அவர்தம் மருத்துவரே வரையறுக்க வேண்டும்.

ஒரே சுவையை உண்ண உண்ண அச்சுவையின்மேல் மட்டும் விருப்பம் தேய்ந்து, வேறொரு சுவை வந்தால் மீண்டும் எழுவதை 1980-களின் தொடக்கத்தில் பார்பரா உரோல்சு முதலியோர் நிறுவினர். சுவைவழி நிறைவு என்று அதனை வழங்கலாம். உடல் பருப்போர்க்கு இடையூறாகும் இவ்வியல்பு, பசி குன்றியோர்க்குத் துணையாகிறது. ஒரே கலவையைப் பெரிய கிண்ணத்தில் தருவதினும், மூன்று சிறு கிண்ணங்களில் புளிப்பும் உவர்ப்பும் இனிப்புமாகப் பிரித்துத் தந்தால் கூடுதலாகச் செல்லும். பலரோடு அமர்ந்து உண்பவர் தனித்து உண்பவரினும் மிகுதியாக உண்கின்றனர் என்பதும் பலமுறை ஆய்ந்து காணப்பட்டதே. தனித்து வாழும் முதியவர்க்கு மருந்துக் குறிப்பைப் போலவே உடனுண்ணும் ஓர் ஆளையும் எழுதித்தர இயலுமானால் நன்றாயிருக்கும்.

பசி அறியாதவர், போதுமான அளவு உண்டோமா என்பதையும் உணர்ச்சியால் அறிய இயலாது, எடைப்பொறியால்தான் அறியலாம். வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்தபின், ஒன்றும் உண்ணுமுன், அதே பொறியில், ஏறத்தாழ அதே உடையோடு நின்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்குமானால் ஒரு சிற்றுணவைக் கூட்டுதல் தக்கது. முயலாமலே ஆறு முதல் பன்னிரண்டு திங்களுக்குள் எடையில் 5 விழுக்காடு குறைந்திருந்தால், அஃதாவது 60 கிலோ உடையவர் 57 ஆகியிருந்தால், உள்ளே நோய் உண்டா என்று மருத்துவர் ஆராய்ந்தாக வேண்டும். எடையை உயரத்தின் இருபடியால் வகுத்துப் பெறும் உடல்நிறைச் சுட்டெண் 18.5-க்குக் கீழிருப்பினும் அவ்வாறே.

எடையேற்றத்தின் பொருள் எவ்வளவு பெரியது என்பதற்குக் காசநோய் சான்று. அந்நோய் தசையை உருக்குவதோடு பசியையும் அணைக்கிறது. சார்க்கண்டு மாநிலத்தில் 2,800 நோயர்க்கு மருந்தோடு நாளொன்றுக்கு 1,200 கிலோகலோரியும் 52 கிராம் புரதமும் கிடைக்குமாறு அரிசி, கடலைமாவு, பால்மாவு, எண்ணெய் ஆகியவற்றைத் திங்கள்தோறும் வழங்கி ஆய்ந்த முடிவு 2023-இல் வெளிவந்தது. முதல் இரண்டு திங்களில் 5 விழுக்காடு எடை ஏறியவர்களிடம் இறப்பு வாய்ப்பு 61 விழுக்காடு குறைந்திருந்தது. எடை ஏறியதால் உயிர் தப்பினரா, நோய் தணிந்ததால் எடையும் ஏறிற்றா என இருபுறமும் எண்ண இடமுண்டு. எனினும் உணவைப் பண்டுவத்தின் ஓர் உறுப்பாகக் கொள்ளவேண்டும் என்பதில் ஐயமில்லை. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயறிந்த உடனே மிகு மெலிவைக் கண்டறிந்து, அத்தகையோரை மருத்துவமனையில் சேர்த்துப் பேணுவதைத் தன் முதற்படிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

ஐந்து நாள்களுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றும் உண்ணாதிருந்தவர்க்கும், எலும்பும் தோலுமாக மெலிந்தவர்க்கும் மேற்கூறிய செறிவுணவை உடனே முழு அளவில் தருதல் கூடாது. பட்டினியில் ஒடுங்கிய உடலுக்குள் மாவுப்பொருள் திடுமெனப் புகுந்தால் இன்சுலின் பெருகுகிறது. குருதியில் இருந்த பாசுபேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் உயிரணுக்களுக்குள் பாய்ந்துவிடுகின்றன. எஞ்சியிருந்த தையமின் என்னும் உயிர்ச்சத்தும் செலவாகிறது. நெஞ்சகத் துடிப்பு ஒழுங்கிழந்து உயிரே பிரிதலும் உண்டு. இதற்கு மீளுணவுக் கேடு என்று பெயர். இத்தகையோர்க்குத் தேவையில் பாதியினும் மிகாமல், மிக மெலிந்தார்க்கு அதனினும் குறைவாகத் தொடங்கி, தையமின் முன்னதாகக் கொடுத்து, குருதியின் உப்புகளை நாள்தோறும் அளந்து, சில நாள்களில் முழு அளவுக்கு ஏற்றுவர். அது மருத்துவமனையில், மருத்துவர் கண்முன் நிகழவேண்டிய பணி.